தனியாகப் பேசினால் மனநோயா? தோட்டத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுதான் லயம். அதில் ஒரு காம்பராவில், அதாவது ஒரு வீட்டு அறையில், முணுமுணுத்தால் அடுத்த காம்பராவில் கேட்கும். 10 அடிக்கு 12 அடி அறை, பல இடங்களில் கூரைவரை எட்டாத நடுச்சுவர், மேலே தகரம். வேறு ஊரில் யாருக்கும் தெரியாமல் போகிற பழக்கம்கூட இங்கே மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சாகிவிடும். "அவங்க தனியாப் பேசிக்கிறாங்களாம்" என்று ஒருவர் சொல்ல, "மண்டை சரியில்லையோ" என்று இன்னொருவர் முடிப்பார்.

நான் டொக்டர் இல்லை. என் மாமா ஒருவருக்கு வந்த வருத்தத்தில் தொடங்கி, 15 வருடமாகப் பக்கத்துத் தோட்டங்களில் உள்ளவர்களை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்வருகிறவள். பஸ்ஸிலும் கிளினிக் வாங்கிலும் உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்தான் கீழே இருக்கின்றன.

தனியாகச் சத்தமாகப் பேசுவது மனநோயின் அறிகுறியா?

அது மட்டும் இருந்தால், இல்லை. நூறு பேரிடம் கேட்டால் தொண்ணூறு பேர் ஏதாவது ஒரு நேரத்தில் பேசுவதாக ஒப்புக்கொள்வார்கள், மிச்சப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அடுப்பு மூட்டும்போது, சாவியைத் தேடும்போது, சம்பளத் துண்டைப் பார்த்து வெட்டுப்போன காசைக் கணக்குப் போடும்போது வாய் தானாக அசையும். மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கிற அம்மாக்கள் "இன்னும் ரெண்டு கிலோ இருந்தாப் பேரு விழுந்துரும்" என்று தமக்கே சொல்லிக்கொள்வார்கள். பேர் விழுவது என்றால் அன்றைய நாள் சம்பளம் பதிவாவது. அதில் நோய் எதுவும் இல்லை.

நான் எப்போதும் பார்க்கச் சொல்வது இரண்டைத்தான். ஒன்று, பேசுகிறவருக்குத் தான் தன்னோடுதான் பேசுகிறோம் என்று தெரிகிறதா? "என்ன பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை, கடைக்கணக்கு" என்று வெட்கத்தோடு சிரிக்கிறாரா, அல்லது அங்கே இன்னொருவர் இருப்பதுபோலப் பதில் சொல்கிறாரா? இரண்டாவது, பேச்சைத் தவிர வேறு என்ன மாறியிருக்கிறது? தூக்கம், சாப்பாடு, குளிப்பு, வேலைக்குப் போவது, மனிதரோடு பழகுவது. இவையெல்லாம் பழையபடி இருந்தால் அவரை அவர்பாட்டுக்கு விட்டுவிடலாம்.

சரி, பேசுவதால் ஏதும் நன்மை உண்டா?

உண்டு. கேரி லூப்யான், டேனியல் ஸ்விங்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பல படங்களுக்கு நடுவே ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடியவர்கள், தெரிந்த பொருள் என்றால், விரைவாகக் கண்டுபிடித்தார்கள். விடியற்காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் "கத்தி, கத்தி, கவ்வாத்துக் கத்தி" என்று சொல்லிக்கொண்டு தேடுகிற அப்பாவுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வாயில் பெயர் வரும்போது அந்தப் பொருளின் உருவம் மனதில் கூர்மையாகிறது, கண் அதைப் பிடிக்கிறது.

சத்தமாகப் படித்தால் நினைவில் நிற்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கொலின் மக்லவுட் என்பவரும் கூட இருந்தவர்களும் 2010இல் இதை எழுதினார்கள். மௌனமாகப் படித்த சொற்களைவிட வாய்விட்டுப் படித்த சொற்கள் அதிகம் நினைவிலிருந்தன. சாதாரண தரப் பரீட்சைக்கு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கத்திப் படிக்கிற பிள்ளையை "அடங்கிப் படி" என்று அதட்ட வேண்டாம். காம்பராவில் வேறு இடமில்லாத பிள்ளைக்கு அது ஒரு துணை.

எங்கள் நாலு வயது மகள் விளையாடும்போது ஓயாமல் தனக்குத்தானே பேசுகிறாள். டீச்சரிடம் சொல்லவா?

தேவையில்லை. மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை இது மிகச் சாதாரணம். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930களில் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளை முதலில் மற்றவர்களோடு பேசப் பழகுகிறது. பிறகு அதே பேச்சைத் தனக்கு வழிகாட்ட எடுத்துக்கொள்கிறது: "இப்ப இதை இங்க வைக்கணும், அப்புறம் மூடணும்." மெல்ல மெல்ல அது முணுமுணுப்பாகி, கடைசியில் உள்ளே போய், நாம் யோசனை என்று சொல்கிற சத்தமில்லாத பேச்சாகிறது. பெரியவர்கள் களைப்பிலோ சிக்கலிலோ இருக்கும்போது வாய்விட்டுப் பேசுவதும், உள்ளே போன அந்தப் பேச்சு மறுபடி வெளியே எட்டிப் பார்ப்பதுதான்.

வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளைமடுவத்தில் பொம்மையோடும் கண்ணுக்குத் தெரியாத தோழியோடும் பேசுகிற பிள்ளையும் இதே கணக்குத்தான். பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேராமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், முன்பு பேசிய சொற்களை இழந்துவருவதாக இருந்தால் மட்டும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

நான் என் பெயரைச் சொல்லியே என்னோடு பேசுவேன். அது தப்பா?

தப்பில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் க்ராஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான வேளையில் "நான்" என்று யோசித்தவர்களைவிடத் தன் பெயரைச் சொல்லியோ "நீ" என்றோ தன்னோடு பேசியவர்கள் பதற்றத்தை நன்றாகச் சமாளித்தார்கள். கூட்டாளிக்குப் புத்தி சொல்வதுபோல் தனக்கே சொல்ல முடிகிறது, அந்தச் சின்ன தூரம் போதும். நம் மொழியில் இது பழைய வழக்கம். திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்குப் பெயரே 'நெஞ்சொடு கிளத்தல்', அதாவது நெஞ்சோடு பேசுதல்.

ஆனால் என்ன பேசுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். "பொறு, சமாளிச்சிரலாம்" என்பது ஒரு பேச்சு. "நீ எதுக்கும் லாயக்கில்லை, எல்லாருக்கும் பாரம்" என்பது வேறு பேச்சு. இந்த இரண்டாவது பேச்சு இரண்டு வாரத்துக்கு மேல் நாள்முழுக்க ஓடி, தூக்கமும் பசியும் கெட்டு, திருவிழா வந்தாலும் மனம் எழும்பவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று யாராவது முணுமுணுப்பது காதில் விழுந்தால் கேட்காததுபோல் கடந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "சாகலாம்போல இருக்குதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. இருக்கிற எண்ணத்தை வெளியே சொல்ல ஒரு வாசல் கிடைக்கும். மரக்கறிப் பாத்திக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே வேறு வீட்டில் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். அவரைத் தனியே விடவும் வேண்டாம்.

தாத்தா செத்து எட்டு மாதம். அப்பாயி ராத்திரியில் அவரோடு பேசுகிறார், இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றுகிறார். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். என் சொந்த அம்மாயி அப்படித்தான் பேசினார், இரண்டு வருடம். காலையில் எழும்பியதும் "ஏங்க, இன்னைக்கும் பனி" என்பார். ஆறு மணிக்குப் பக்கத்துக் காம்பராப் பெண்களோடு மலைக்குப் போய்விடுவார். ஒருநாள் பேர் தவறவில்லை.

1971இல் டெவி ரீஸ் என்ற டொக்டர், வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துக் கேட்டார். கிட்டத்தட்டப் பாதிப்பேர், இறந்த துணை பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோம், சிலபேர் பார்த்தோம், சிலபேர் குரலைக் கேட்டோம், பேசினோம் என்றார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் அதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை. அது ஆறுதலாக இருந்தது என்றும் பலர் சொன்னார்கள். நம் ஒப்பாரியே செத்தவரை முன்னால் வைத்து "என்னை விட்டுட்டுப் போனீங்களே" என்று அவரிடம் பேசுவதுதானே. அப்பாயிக்கு அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களே புதைந்தன. அப்படி ஒரே நாளில் வீட்டாரை இழந்தவர்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் நீளலாம். அதை வெட்டிவிட நமக்கு உரிமை கிடையாது.

கவனிக்க வேண்டியது எப்போது? அவர் சாப்பிடுவதை விட்டால், "அவர் என்னைக் கூப்பிடுறாரு, நானும் போறேன்" என்று சொன்னால், அல்லது அந்தக் குரல் அவரைப் பயமுறுத்தினால், டொக்டரிடம் காட்டுங்கள்.

தம்பிக்கு 21 வயது. கொழும்பில் கடையில் வேலைசெய்துவிட்டு வந்தான். இப்போது மூலையில் உட்கார்ந்து பேசுகிறான், காரணமில்லாமல் சிரிக்கிறான், கேட்டால் கோபம். இது என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். என் மாமாவும் இதே வயதில், இதே மூலையில் இருந்தார்.

இங்கே அவன் தன்னோடு பேசவில்லை, தனக்குக் கேட்கிற குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். பேச்சுக்கு நடுவே காதுகொடுப்பதுபோல் நிறுத்துகிறானா, ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்க்கிறானா, காதை மூடிக்கொள்கிறானா என்று கவனியுங்கள். கடைக்காரர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், சோற்றில் ஏதோ கலக்கிறார்கள், போனில் தன்னை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்கிறானா? இரவில் தூங்காமல் நடக்கிறானா? குளிப்பதை விட்டானா? இவை சில வாரங்களாகச் சேர்ந்து வந்தால் மனச்சிதைவு நோயாக இருக்கலாம். டொக்டர்கள் அதை ஸ்கிட்சோஃப்ரினியா என்பார்கள். உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்கும். கஞ்சாவோ ஐஸ் என்ற போதைப்பொருளோ பாவித்தாலும் இதே மாதிரி வரலாம். அதனால் அதையும் திட்டாமல் கேட்டு, டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குரல் எங்கிருந்து வருகிறது என்று என்னிடம் கேட்பார்கள். எல்லாருக்கும் உள்ளே ஒரு பேச்சு ஓடுகிறது. 'இது நான் பேசுவது' என்று மூளை அதற்கு அடையாளம் போடுகிறது. அந்த அடையாளம் போடும் வேலை பிசகினால் சொந்த நினைப்பே வெளியிலிருந்து வருகிற குரலாகக் கேட்கும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. அவனுக்கு அது உண்மையாகவே காதில் விழுகிறது. நடிப்பு இல்லை, சோம்பலும் இல்லை, வளர்ப்பில் வந்த பிழையும் இல்லை.

மாமாவை நாங்கள் ஒன்றரை வருடம் கிளினிக்குக்குக் கொண்டுபோகவில்லை. வெட்கம். அத்தையின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, வெளியே தெரிந்தால் குலைந்துவிடும் என்று காம்பராவுக்குள்ளேயே வைத்திருந்தோம். அந்த ஒன்றரை வருடம் அவர் வாழ்க்கையில் திரும்பவே இல்லை. குரல் கேட்கத் தொடங்கிய பிறகு மருந்தில்லாமல் போகிற காலம் நீள நீள, குணமாவது கடினமாகிறது. இப்போது அவர் மரக்கறிப் பாத்தி வைத்திருக்கிறார், மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறார், லீக்ஸ் விற்கிறார். ஆனால் முன்பு ஹார்மோனியம் வாசிப்பார், அதை மறுபடி தொடவில்லை. உங்கள் தம்பியை இந்த வாரமே கொண்டுபோங்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

அது சாமியோ பேயோ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உடுக்கடித்துக் குறிசொல்கிற கோடாங்கியிடம் போகக்கூடாதா?

மாரியம்மன் திருவிழாவில் அருள் வந்து பேசுகிறவரை யாரும் நோயாளி என்று சொல்ல முடியாது. உடுக்குச் சத்தத்தில் வரும், கற்பூரம் அணைந்தால் போகும். மறுநாள் அவர் ஃபெக்டரியில் வேலைக்கு நிற்பார். ஃபெக்டரியைக் காக்கிற சாமியான ரோதைமுனிக்குப் பூசை போடுகிறவரும் அப்படியே. வந்து போகிறது, எல்லாருக்கும் புரிகிற வழக்கத்துக்குள் நடக்கிறது, வாழ்க்கையைக் குலைப்பதில்லை. உங்கள் தம்பிக்கு வருவது போகவில்லை, அதுதான் வித்தியாசம்.

மனம் கேட்கவில்லை என்றால் பூசாரியிடம் போய் நூல் கட்டுங்கள், திருநீறு போடுங்கள். அதே கிழமை கிளினிக்குக்கும் போங்கள். கட்டிவைத்து அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது, மிளகாய்த்தூள் பூசுவது எதற்கும் சம்மதிக்காதீர்கள். நல்ல பூசாரி ஒருவரை எனக்குத் தெரியும். "முதல்ல டொக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அப்புறம் பூசை" என்றுதான் அவர் சொல்வார்.

குடியை நிறுத்திய மூன்றாம் நாள் அப்பா இல்லாத ஆட்களோடு பேசுகிறார், கை நடுங்குகிறது.

காத்திருக்காதீர்கள். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வலிப்பு, பூச்சியும் ஆட்களும் தெரிவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. வீட்டில் வைத்து மறுபடி கசிப்புச் சாராயம் ஊற்றிக் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். நிறுத்த நினைக்கிறவர் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி, மருந்தோடு நிறுத்துவதுதான் வழி.

நேற்றுவரை நன்றாக இருந்த 75 வயது அம்மா திடீரென்று பிதற்றுகிறார்.

திடீரென்று என்றால் முதலில் உடம்பைப் பாருங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சளி, சீனி ஏறியது இறங்கியது, புதிய மருந்து. அன்றைக்கே ஆஸ்பத்திரி. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மறதியோடு வந்தால் அது வேறு, அதையும் கிளினிக்கில் காட்டலாம்.

பிள்ளை பெற்று ஒரு கிழமையான மருமகள் தூங்காமல் தனக்குள் பேசுகிறாள்.

பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு கிழமைக்குள் வரும் கடுமையான மனநோய் ஒன்று இருக்கிறது. ஆயிரம் தாய்மாரில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். தூக்கமே இல்லை, பிள்ளையைப் பற்றி விசித்திரமான பேச்சு, பயம், வெறித்த பார்வை. இதையும் அவசரமாகவே கொண்டுபோக வேண்டும். தாயையும் பிள்ளையையும் தனியே விடாதீர்கள். "காத்துக் கறுப்பு" என்று சொல்லி அறைக்குள் பூட்டி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மருந்து கொடுத்தால் நன்றாகக் குணமாகிற நோய் இது.

எங்கே போவது? சிங்களம் தெரியாதே.

நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பக்கத்து ஆதார வைத்தியசாலையில் எந்த நாளில் மனநலக் கிளினிக் என்று ஓபிடி என்கிற வெளிநோயாளர் பிரிவில் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். போன் பண்ணிப் பேச 1926 இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழில் பேசலாம்.

மொழிதான் நம் பெரிய கஷ்டம். தலைவலியை விரல் வைத்துக் காட்டலாம், மனதில் நடப்பதைக் காட்ட முடியாது. "மனசு ஒரு மாதிரி இருக்கு" என்பது மொழிபெயர்த்து வரும்போது "தலை வலிக்குது" என்று ஆகி, பனடோலோடு திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் போவதற்கு முந்தின இரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிநேரம் தூங்குகிறான், என்ன பேசுகிறான் என்று அவன் சொன்ன வார்த்தையிலேயே. சிங்களம் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். அண்ணன் சாகப் போவதாகச் சொன்னதை ஒரு பிள்ளை எப்படி வாயால் சொல்லும்? பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், அல்லது தமிழ் தெரிந்த நர்ஸையோ டொக்டரையோ துணிந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்களா?

நம் ஊரில் அங்கொடை என்ற பெயரே திட்டுச் சொல்லாகிவிட்டது. தேசிய மனநல நிறுவனம் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். கிளினிக்குக்கு வருகிற பெரும்பாலானவர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். வாட்டில் வைக்க வேண்டிவந்தாலும் பெரும்பாலும் சில கிழமைதான்.

அவன் குரலோடு பேசும்போது நாங்கள் என்ன சொல்வது?

"அங்க யாருமில்லை, பைத்தியக்காரா" என்று சொல்லாதீர்கள், "ஆமா எனக்கும் கேக்குது" என்றும் சொல்லாதீர்கள். "எனக்குக் கேக்கலை, ஆனா உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா?" என்று கேளுங்கள். குரல் என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள். தன்னையோ மற்றவரையோ அடிக்கச் சொல்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி. மற்ற நேரத்தில் விறகு அடுக்கும்போது கூப்பிடுங்கள், தேத்தண்ணி கொடுங்கள். ஆட்களோடு இருக்கும்போது குரல் தணிகிறது என்று மாமா எங்களிடம் சொன்னார். ரேடியோ போட்டாலும் தணியும் என்றார்.

மருந்து எத்தனை நாள்? நன்றாக ஆனதும் நிறுத்தலாமா?

நன்றாக ஆனதற்குக் காரணமே அந்த மருந்தாக இருக்கும். மனச்சிதைவு என்றால் வருடக்கணக்கில் போட வேண்டிவரும், நிறுத்துவதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். தூக்கக் கலக்கம், கை நடுக்கம், உடம்பு இறுகுவது, எச்சில் வடிவது, எடை கூடுவது வரலாம். அதைச் சொன்னால் அளவைக் குறைப்பார்கள், மாற்றிக் கொடுப்பார்கள். சொல்லாமல் குளிசையைக் கூரையிடுக்கில் செருகி வைக்கிறவர்கள்தான் மூன்றாம் மாதம் திரும்ப வாட்டுக்கு வருகிறார்கள். கிளினிக் நாளில் பேர் விழாது, ஒருநாள் சம்பளம் போகும், எனக்குத் தெரியும். அதனால்தான் மாதாந்த ஊசி கிடைக்குமா என்று கேட்கச் சொல்கிறேன், தினமும் குளிசை ஞாபகம் வைக்கும் பாடு மிச்சமாகும். கிளினிக் கொப்பியை மழையில் நனையாமல் பொலித்தீன் பைக்குள் வையுங்கள். அது தொலைந்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

லயத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். என்ன செய்ய?

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மாமா வாட்டிலிருந்து வந்த அன்று என் அம்மா லயத்தின் கோடியிலுள்ள தொங்கல் காம்பராவிலிருந்து ஒவ்வொரு வாசலாகப் போய், "என் தம்பிக்கு மண்டையில வருத்தம், மருந்து எடுக்கிறான், தனியாப் பேசினா பயப்படாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று சொன்னார். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மற்ற வீடுகளில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அதில் ஒரு வீட்டு அம்மா, தன் மகன் நாலு மாதமாக ராத்திரியில் தூங்காமல் பேசுவதாக அன்றைக்குத்தான் வாய்திறந்து சொன்னார். அடுத்த கிளினிக் நாளில் நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் போனோம்.